பிளாஸ்திரி அக்கா

திரையின் வலது மூலையில் பிளாஸ்திரியை ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் அக்கா ஸ்கேன் கருவியைக் கையில் எடுப்பார். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரிதான். அளவு தெரிகிற இடத்தை மறைத்துவிடும். "நம்பர் கண்ணுல பட்டா கை அங்கயே போயி நிக்கும்" என்பார். பக்கத்து மேசையில் இன்னொரு திரையைப் பார்த்து அறிக்கை தட்டுகிற எனக்கு மட்டுமே அளவு தெரியும். என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடுமாம்; அதனால் என் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு வயதானபின் பலூனாய் வீங்கும். அதை அளப்பதில் அக்கா கெட்டி, வாயும் நீளம். வெறும் வயிறு என்று புளுகிவிட்டு வருகிறவர்களை, "உள்ள இட்லி தெரியுது, எழுந்திருங்க" என்று விரட்டுவார். சி.டி. ஸ்கேனில் மட்டும் ஏன் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று கேட்கும் மருத்துவருக்கும் ஒரே பதில்தான்: "வெள்ளரிக்காயச் சாய்ச்சு வெட்டிப் பாருங்க சார், துண்டு பெருசாத்தான் இருக்கும்." வேலை முடிந்ததும் காகிதத்தை நீட்டி, "தொடச்சுக்குங்க" என்று திரும்பிக்கொள்வார். ஸ்கேனுக்காக வயிற்றில் தடவிய பசையைத் துடைப்பது நோயாளியின் பாடு.

நேற்று படுத்திருந்தது அவருடைய தாய்மாமா. தகப்பன் இல்லாத வீட்டில், லாரி ஓட்டி அக்காவைப் படிக்க வைத்தவர். குழாயின் அகலம் ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபரேஷன். போன ஸ்கேனில் ஐந்து புள்ளி இரண்டு, சி.டி.யில் ஐந்து புள்ளி ஏழு. பலவீனமான இதயத்தோடு ஆபரேஷன் மேசையில் ஏற மாமாவுக்குப் பயம். ஏறாமல் விட்டு, குழாய் வெடித்தால் பிழைப்பது அரிது. அக்கா அளந்து சொல்வதை வைத்தே முடிவு என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வேறு யாராவது அளக்கட்டும் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். அவர்தான் அளக்க வேண்டும் என்று மாமா ஒரே பிடியாக நின்றார்.

பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. கருவி வயிற்றில் பட்டதும் மாமா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா போடேன் கண்ணு. யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா கருவியை அழுத்தி நகர்த்தினார். மாமா கேட்டதைச் செய்ய வழி இருக்கிறது. குழாய்ச் சுவரின் வெளிக்கோட்டில் வைக்க வேண்டிய குறியை உள்கோட்டில் வைத்தால் போதும், அளவு குறையும். அப்படி அளக்கிற இடங்களும் உண்டு என்பதால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் அக்கா மட்டும் உள்கோட்டைத் தொட்டதில்லை.

என் திரையில் படம் உறைந்தது. முதல் குறி வெளிக்கோட்டில் உட்கார்ந்தது. இரண்டாவது நகர்ந்து வந்து உள்கோட்டில் நின்றது. ஐந்து புள்ளி மூன்று.

"அடிக்கவாக்கா?" என்றேன்.

குறி அசைந்தது, மயிரிழை மயிரிழையாக வெளியே போய், வெளிக்கோட்டில் நின்றது. ஐந்து புள்ளி ஆறு.

"இப்ப அடிங்க தம்பி."

அடித்தேன். எவ்வளவு என்று வழக்கமாகக் கேட்பவர் கேட்கவில்லை. விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். மாமா பழக்கப்பட்டவராகக் காகிதத்துக்குக் கையை நீட்டியிருந்தார். அக்கா அதைத் தரவில்லை. குனிந்து, அவர் வயிற்றில் இருந்த பசையைத் தாமே துடைத்துக்கொண்டிருந்தார்.