புல்லுக்குள் கிடந்த கண்ணாடியும் பெரியசாமி கொடுத்த பூவும்

போன வருடம் பங்குனி மாதம். எங்கள் காட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். முன்னால் போன என் வீட்டுக்காரர் நடந்த தடத்தில் புல் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் காட்டுச் செல்லம்மாக்காதான் கத்தினார்.

"ஏனுங்க, உங்க கால்ல ரத்தமுங்க!"

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "எந்தக் கால்ல?" என்றார்.

சர்க்கரை வியாதியில் அவர் பாதத்துக்கு உணர்ச்சி போய் ரொம்ப நாளாகிறது. உள்ளங்காலில் ஒரு பச்சைக் கண்ணாடிச் சில்லு பாதி இறங்கியிருந்தது. அதோடேயே நடந்து அறுத்திருக்கிறார்.

நாங்கள் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்காரர்கள். சில வருடம் கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தோம். அவருக்கு உடம்பு முடியாமல் போகவே மலைக்குத் திரும்பினோம். அதற்குள் காடு முழுக்க ஆள் உயரப் புல். யாரோ பழைய கட்டடத்தை இடித்து லாரியில் கொண்டுவந்து எங்கள் காட்டில் கொட்டியிருக்கிறார்கள். அதன் மேலேயே புல் முளைத்து மூடிவிட்டது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

காட்டுக்கு நடுவில் பெரியசாமி கல் இருக்கிறது. அதனால் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவோம். என் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

கீழே ஆஸ்பத்திரியில் சில்லை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். "காயம் ஆறினாத்தான் கால் தங்கும். இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாது" என்றார் டாக்டர். சரிங்க என்றேன். மாத்திரை வாங்கினேன். பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "கால் ஆறட்டும் புள்ள. மழைக்கு முன்னால மீதியை நானே அறுத்துடறேன்."

"செருப்பு போட்டுக்கிட்டுங்களா?"

"சாமி காட்டுலயா? கால் போனாப் போகுது."

கோபமே இல்லாமல் சொன்னார். சொன்னால் செய்கிறவர். நானும் அந்தக் காட்டில் செருப்போடு நடந்ததில்லை. அவரை நான் என்ன சொல்ல? ஆள் கூப்பிட்டாலும் அந்தக் கண்ணாடிக்குள் வெறுங்காலோடு யார் இறங்குவார்கள்? விதைக்காமல் விட்டால் சாப்பாட்டுக்கு வேறு வழியில்லை.

அன்று சாயங்காலம் வரப்பில் நின்றேன். சூடம்கூட ஏற்றவில்லை. "சாமி, உன் கட்டுப்பாடும் எனக்கு வேணும், இவரு காலும் வேணும். ரெண்டுல எதுன்னு என்னையக் கேக்காதே" என்றேன். தினமும் போய் அதையே சொன்னேன். வாய்தான் சொன்னது. மனசு மரத்துக் கிடந்தது.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது, காட்டில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ள சாமியிடமே உத்தரவு கேட்டால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பை எனக்குள் போட்டது அவன்தான் என்று நம்புகிறேன். பெண் கொடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் நாங்கள் பூவாக்குக் கேட்போம். கல்லின் தலையில் பூ வைப்போம். அது வலப்பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம்.

செல்லம்மாக்காவோடு பூசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "பூட்ஸ் போடலாமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையேம்மா."

"கேட்டாத்தானுங்க சொல்லும்? பூட்ஸ் வாங்கிக்கன்னு சாமி ஊட்டுக்கே வந்து சொல்லுமா?" என்றார் செல்லம்மாக்கா.

கம்பால் தட்டித் தட்டித் தடம் பார்த்துக் கல்லுக்குப் போனோம். வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். பூசாரி பூவை வைத்தார். விழவில்லை. காற்றுகூட இல்லை. செல்லம்மாக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்கு வேண்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூ வலப்பக்கம் விழுந்தது.

"உத்தரவு ஆயிருச்சு!" என்று பூசாரி வரப்பைப் பார்த்துக் கத்தினார். "பூட்ஸ் போட்டுக்கப்பா. கல்லுக்கிட்ட வந்தா மட்டும் கழட்டிரு."

வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு அக்கம்பக்கத்தார் எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கல்லைச் சுற்றி முதலில் சுத்தம் செய்தோம். செல்லம்மாக்கா தன் வீட்டுக்காரரின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தடுமாறி நடந்தார். "போலீஸ்காரி வாரா, ஓடுங்க!" என்று ஒருவர் கத்தினார். உடைந்த ஓடு, முள்கம்பி, துருப்பிடித்த தகரம் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு முழு கக்கூஸ் பீங்கானே வந்தது. "லாரிக்காரன் உக்காந்து பாத்துட்டுத்தான் கொட்டியிருப்பான்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அள்ளிக்கொண்டே இருந்தேன்.

காயம் மெதுவாக ஆறியது. சுண்டுவிரல் போய்விட்டது. கால் தங்கியது.

சாமை விதைத்த அன்று அவர் பூட்ஸோடு மெல்ல நடந்து கல்லருகே வந்தார். உட்கார்ந்து கழற்றினார். மண்ணைத் தட்டுவதற்காகக் கவிழ்த்தார். அடியில் பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நின்றது. எங்கள் கண்ணுக்குத் தப்பிய சில்லு. அவர் அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதைப் படிக்கிறவர்களே, சாமி முன்னால் நிற்கும்போது பக்திகூட வராத அளவுக்கு மனசு மரத்திருந்தால், அப்படியே நில்லுங்கள். அவனிடம் எதையும் கேட்கலாம். எங்கள் வரப்பில் இப்போது எப்போதும் ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது. நீங்கள் வந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். கல்லருகே கழற்றிவிட்டுக் கும்பிடுங்கள்.