பத்து மீட்டர் வளைவு

மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டு ஊர்களிலிருந்து கீழே காலேஜுக்குப் போய்வரும் பெண் சுகுணா ஒருத்திதான். நான் அவளுக்கு அடுத்த வீடு; ராசிபுரத்தில் துணிக்கடை வேலைக்குப் போகிறவள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டு. மலை இறங்கும்போது மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். இவள் மடியில் இயற்பியல் கைடு இருக்கும். கணக்கும் விடையும் அடுத்தடுத்து அச்சான தடித்த புத்தகம். கதை படிப்பதுபோல மளமளவென்று படிப்பாள். "எல்லாம் புரியுதுங்கக்கா" என்பாள். பரீட்சை ஹாலில் கையே ஓடவில்லையாம். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்தது.

அவள் அப்பா மாணிக்கம் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் போனால் காலேஜ் கிடையாது, முள்ளுக்குறிச்சியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சரி சொல்லிவிடுவாராம். சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷன்.

அதன்பிறகு சுகுணா படித்த விதமே வேறு. விடையைக் காலண்டர் அட்டையால் மூடிவைத்து, தானே போட்டுப் பார்த்த பிறகுதான் அட்டையை விலக்குவாள். ஒரே கணக்கோடு பொழுதெல்லாம் மல்லுக்கட்டுவாள். மிளகு காயப்போட்டபடி அவள் அம்மா பெருமாயி, "எழுதிட்டே இருக்கியே, எப்பக் கண்ணு படிப்ப?" என்று கவலைப்படுவாள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் விடைகள் ஒத்துவர ஆரம்பித்தன. பிள்ளையின் முகமே தெளிந்துவிட்டது.

ஒன்றே ஒன்று ஒத்துவரவில்லை. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு பஸ் வழுக்காமல் அதிகபட்சம் என்ன வேகத்தில் திரும்பலாம்? இவளுக்கு வந்தது நொடிக்கு ஆறு மீட்டர் சொச்சம். கைடில் அறுபத்துமூன்று. கேள்வியில் ஆரம் பத்து என்று கேட்டுவிட்டு, விடையில் அதையே ஆயிரம் என்று வைத்துப் போட்டிருந்தான் கைடுக்காரன். தனக்குத் தெரியாத ஏதோ விதி இருக்கும்போல என்று நினைத்து, தன் விடையை அடித்துவிட்டு, அவன் போட்டதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள்.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. கைடில் இருந்ததையே எழுதினாள்.

அன்று சாயங்காலம் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். முதல் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஆரன் அடித்து, கியரைக் குறைத்து, உருட்டிக்கொண்டு போய்த் திருப்பினார். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இப்ப பஸ்ஸு என்ன வேகம் போவுங்கக்கா?"

"இருபது போனா அதிகம், கண்ணு."

முன்சீட்டு முதுகில் விரலால் எதையோ பெருக்கிப் பார்த்தாள். "நான் மொதல்ல போட்டது மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் வருதுங்கக்கா. பரீட்சைல எழுதினது எரநூத்துக்கு மேல வருது."

அந்த வேகத்தில் போனால் பஸ் பள்ளத்தில்தான் கிடக்கும். தினமும் இந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவளுக்கு இது தெரியாதா! கைடு போட்டவன் மேல் வந்த கோபத்தில் பாதி எனக்கு இவள் மேலும் வந்தது.

ரிசல்ட் வந்தபோது மூன்று மார்க்கில் போயிற்று. சரியாகப் போட்டிருந்தால் அந்தக் கணக்குக்கு மட்டும் ஐந்து மார்க்.

"கைடுதான் தப்புன்னு உங்கப்பாகிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேங்கக்கா. அச்சுப் போட்ட பொஸ்தகம் தப்பாச் சொல்லுமா, நீதான் தப்பாப் போட்டிருப்பேங்கறாரு."

மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். அப்பாவிடம் நான் வந்து பேசட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவர எப்படிங்கக்கா கோவிச்சுக்கறது? நானும் அதையேதான நெனச்சேன்."