சொந்தக் கடைக்குப் போன் போட்ட காதர் பாய்

காதர் பாய் இறந்துவிட்டதாக அவர் மகன் அன்வர் போனில் சொன்னபோது, போனை வைத்துவிட்டு, அவர்கள் வீட்டு எண்ணுக்கு நானே திருப்பிப் போட்டேன். அன்வர்தான் எடுத்தான். "அத்தா சொல்லிக் குடுத்தத அத்தாவுக்கே பண்றீங்களே மாமா" என்று அழுதான். "வர்ற போன நம்பாத நைனா, வெச்சிட்டு நீ போட்டுப் பாரு" என்பது பாயின் வாக்கு.

ராயபுரத்தில் எங்கள் தார்ப்பாய்க் கடைக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கடையில் எனக்குப் பாதிப் பங்கு, அவருக்குப் பாதி. சந்தேகம் முழுக்க அவருடையது.

லாரிக்காரர்கள் ஓயாமல் விலை கேட்டதால், தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வாங்கினோம். கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டருக்குள் இருந்த அட்டையில் சொருகினார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அதுவும் ஒரு போன்தான். மணி அடித்தால் எடுக்கும்; ஒன்றை அழுத்தினால் விலை சொல்லும்.

மறு வாரமே ஆர்டர் நின்றது. எப்போது போட்டாலும் லைன் பிசி என்றார்கள் வாடிக்கைக்காரர்கள். மழை தொடங்கும் சமயம். அப்போது விற்காவிட்டால் அந்த வருடமே போயிற்று. எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்து லைனை அடைக்கிறார் என்று பாய் முடிவு கட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. "நேரா போய் கேட்டுர்றேன்" என்று கிளம்பியவரைப் பிடித்து உட்கார வைத்து, இயந்திரம் மாட்டிய மேரியை வரவழைத்தேன்.

"அடிக்கடி யாரு போன் பண்றாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. லைன் அடைச்சிக்கீதான்னு பூத்லேர்ந்து போட்டுப் பாப்பேன். அது வெல சொல்லிகினு இருக்கும்போதே வெச்சிருவேன்."

மேரி சிரித்துவிட்டாள். "அப்ப அடைக்கறதே நீங்கதான் பாய்."

அழைத்தவர் வைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் விட்டு விட்டு ஒலிக்கும் ஒரு சத்தம் அனுப்பும். எங்களுடையது வெளிநாட்டு அட்டை; நம் ஊர்ச் சத்தம் அதற்குப் புரியவில்லை. ஆள் இன்னும் இருக்கிறார் என்று லைனைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. பாதியில் வைத்த ஒவ்வொருவரும் அடைத்திருக்கிறார்கள், பாய்தான் அதிகம். மேரி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அட்டைக்குப் பழக்கினாள். பிறகு, வைத்ததும் லைன் விட்டது.

"எதிர்க்கடக்காரர் மேல பழி போட்டோமே பாய்" என்றேன்.

"இதுவரிக்கும் அவன் பண்ல. அவ்ளோதான நைனா?" என்றார்.

அதன் பிறகும் தினமும் பூத்திலிருந்து கடைக்குப் போட்டுப் பார்த்தார். இயந்திரம் பழைய விலையே சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை அவர்தான் பிடித்தார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். அடக்கம் முடிந்த மறுநாள் பூத்துக்குப் போய்க் கடைக்குப் போட்டேன். விலை சொல்லும்போதே வைத்தேன். மறுபடி போட்டேன், மணி அடித்தது. லைன் சரியாகத்தான் இருந்தது.

பாய் ஒரு தடவையோடு நம்பமாட்டார். இன்னொரு தடவை போட்டேன்.