முனிக்கு வைத்த சோறு

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது, காட்டிலிருக்கும் பயங்கரவாதிகளுக்குச் சோறு எப்படிப் போகிறது என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த கல்லூரியில். இதைச் சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார்கள். இப்படி நடந்து தொலைத்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. அரசாங்க நிர்வாகத்தில் டிப்ளோமா படித்தேன். அதில் ஒரு பாடம், பயங்கரவாதமும் அதை முறியடிக்கும் வழிகளும். ஆசைப்பட்டு எடுத்த பாடம் இல்லை. அதற்கு மாற்றாக இருந்தது கணக்கியல். அந்த வகுப்பு முடிவதற்குள் கோப்பெங் போகும் பஸ் போய்விடும். பஸ்ஸுக்குப் பயந்து பயங்கரவாதம் படித்தவள் இந்த நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்ற போலிஸ் அதிகாரி, தமிழர். பாதி ஆயுளைக் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் துரத்தியே கழித்தவர். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் ஓட்டை போட்ட சார்டின் டின் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஐம்பதுகளில், வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் கடைக்காரர்கள் டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டுமாம். அப்போதுதான் காட்டில் கொண்டுபோய்ப் பதுக்க முடியாதாம். ரப்பர் தோட்டத்துப் பாட்டாளிகள் பால்வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக்கூடாது, கேட்டிலேயே சோதனை போடுவார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது புதிய செய்தி இல்லை. அந்தக் கேட்டு வழியாக வெறும் வயிற்றோடு போய் மதியம்வரை மரம் சீவியவள் என் அம்மா. வகுப்பில் அதற்கு உணவுக் கட்டுப்பாடு என்று பெயர். எங்கள் வீட்டில் பட்டினி என்போம்.

எங்கள் தோட்டம் கோப்பெங்குக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருந்தது. அப்பா, அம்மா போனபிறகு எனக்கு எல்லாமே அண்ணன்தான். அம்மாவைப் போலவே பால்மரம் வெட்டுகிறவர். தங்கச்சி காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. கடைசிப் பரீட்சை நெருங்கியபோது, "இந்த ஒரு பாடம் என்னைக் கவுத்துரும் போலருக்குண்ணே" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினேன். அவ்வளவுதான். நான் பாஸாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் முனிக்குப் படையல் வைப்பதாக வேண்டிக்கொண்டார்.

முனி இருந்தது கடைசி மர நிரைக்கும் அப்பால், ரப்பர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில். கோயில் என்று ஒன்றும் கிடையாது. ஒரு மரம், மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு சூலம். வெட்டு முடிந்து குளித்துவிட்டு, சோறு, சார்டின் குழம்பு, அவித்த முட்டை, கொஞ்சம் சம்சுச் சாராயம் எல்லாம் கொண்டுபோய் வைத்து, ஒரு சிகரெட்டையும் பற்றவைத்துக் கல்லின்மேல் வைப்பார். அதன்பிறகு வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. யார் கூப்பிட்டாலும், என்ன சத்தம் கேட்டாலும் கூடாது. முனி சாப்பிட வருகிற நேரம் அது. பார்த்தால் படையல் செல்லாது.

அந்த வெள்ளிக்கிழமை ராணுவம் காட்டைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தது. காட்டோரத்திலிருந்து வெறும் கூடையோடு வருகிற ஆளைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்கள். நில் என்று கத்தினார்கள். அண்ணன் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார்கள். அப்போதும் திரும்பாமல் நடந்திருக்கிறார். முன்னால் ஓடிவந்து துப்பாக்கியை நெஞ்சில் வைத்தபிறகுதான் நின்றார். முதுகில் சுடாமல் விட்டார்களே, அதுவே பெரிது.

அண்ணி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஈப்போவுக்கு வந்து, கல்லூரி மாடிப்படியில் நின்று அழுதார். "யாருக்குச் சோறு தாப்பாவ் கட்டிட்டுப் போனன்னு கேட்டு அடிக்கிறாங்களாம். இவரு முனிக்குன்னே சொல்றாராம். நீ படிச்ச பொண்ணுதானே, எதாச்சும் செய்யிலா!"

உள்ளே கரும்பலகையில் அன்றைய பாடம் அழிக்கப்படாமல் இருந்தது. சமைத்த சோறு. டின் மீன். சிகரெட். காட்டோரம். குறிப்பிட்ட கிழமை. கூப்பிட்டால் நிற்காத ஆள். அண்ணனை வைத்தே எழுதியது போல இருந்தது.

பாடம் நடத்திய அதிகாரியிடமே போய் விழுந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் நம்புறேம்மா. எங்க அப்பாவும் தோட்டத்துல முனிக்கு வச்சவருதான். ஆனா நான் நம்பி என்னா செய்யிறது? வாராவாரம் அங்க வச்ச சோறு காணாமப் போயிருக்கு. யாரு தின்னாங்கன்னுதான் கேக்குறாங்க. நாய் தின்னுச்சு, கொரங்கு தின்னுச்சுன்னு உங்கண்ணன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இத விசாரிக்கிற ஆபிசர் எனக்குக் கீழ இருந்தவன்தான், நான் பேசுறேன். ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் தடுப்பு முகாமுக்கு அனுப்பிருவாங்க. கோர்ட்டு கீர்ட்டு எதுவும் கெடையாதும்மா."

ஒரு வார்த்தை! இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. அவர் சிபாரிசில் பார்க்க அனுமதியும் கிடைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன் பாதி உடம்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு போலிஸ்காரர்.

"நாய் தின்னுச்சுன்னு சொல்லுங்கண்ணே."

"எந்த நாயி?"

"ஏதோ ஒரு நாயிண்ணே! காட்டுல நாய் இல்லியா, கொரங்கு இல்லியா?"

"வாயக் கழுவு. முனிக்கு வச்சத நாயி தின்னுச்சுன்னு என் வாயாலயே சொன்னா, சாமி ஏத்துக்கலன்னுதானே அர்த்தம்? அப்புறம் நீ எப்படி பாஸாவ?"

"பாஸாவாட்டிப் போவுது. நீங்க வீட்டுக்கு வாங்கண்ணே."

"அப்ப நான் எதுக்கு இங்க அடி வாங்கிட்டு ஒக்காந்திருக்கேன்?" என்றார். பிறகு சமாதானம் சொல்வது போலச் சொன்னார்: "நீ பாஸாவலன்னு வையி, அன்னைக்கே சொல்லிர்றேன். முனி சாப்புடல, நாயிதான் தின்னுச்சின்னு. சரியா?"

கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதுவும் முடியவில்லை. பஸ்ஸில் வாயில் துணியை வைத்து அழுதேன். சிம்பாங் பூலாய் தாண்டும்போதுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. நான் பெயிலானால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பெயிலாகிவிட்டேன் என்று பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முனி பேரில் சத்தியம் பண்ணு என்பார் அண்ணன். பொய்ச்சத்தியம் பண்ண எனக்கும் பயம். பயங்கரவாதத்தை முறியடிக்கப் படித்தவளுக்கு முனியிடம் பயம் போகவில்லை. நிஜமாகவே பெயிலாகிவிட்டால் முனிக்கும் எனக்கும் வழக்கே இல்லை.

பரீட்சைத் தாளில் முதல் கேள்வி: தோட்டப்புறத்திலிருந்து காட்டுக்கு உணவு போவதை எந்த அடையாளங்களால் கண்டறிவீர்? அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. என் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு பசித்தது. கடையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். அண்ணிக்கும் ஒன்று கட்டிக்கொண்டேன்.

முடிவு ஒட்டிய அன்று என் எண் தேறியவர்களுக்கு நடுவில் இருந்தது. தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதிகாரியின் அறைக்கு ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வருஷம் பூரா நல்லா எழுதுன பொண்ணு நீ. அண்ணன் உள்ள கெடக்கிறப்ப எவனால பரீச்ச எழுத முடியும்? பழைய மார்க்கப் பாத்துப் போட்டுட்டேன். வெளிய சொல்லிக்காத. உங்கண்ணன் காதுலயும் இன்னைக்குக் காலைல போட்டுட்டு வந்தேன். பாவம், அவருக்கும் ஒரு சந்தோஷம் வேணுமில்ல?"

"திருப்பி எடுத்துக்குங்க சார்! என்னை பெயிலாக்கிருங்க சார்!" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இனிமே மாத்திச் சொன்னா அவரு நம்பவா போறாரு?" என்றார். நல்ல மனிதர். என் அண்ணனை நான் மீட்டுக்கொண்டு வரும் நேரத்தில் பரிதாபப்பட்டே கெடுத்தார். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

முகாமுக்கு ஏற்றுவதற்கு முன்பு ஒரு முறை பார்க்க விட்டார்கள். நான் உள்ளே நுழையும்போதே அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸாயிட்டியாமே! சார் வந்து சொன்னாரு. நான் சொன்னேன்ல? முனி சாப்புட்டிருக்காரு."

இனி உண்மையைத் தவிர என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "அண்ணே, நான் ஒரு எழுத்துகூட எழுதலண்ணே. வெறும் தாளக் குடுத்துட்டு வந்தேன். முனி மேல சத்தியமா."

அண்ணன் என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது, இதோ சொல்லப்போகிறார் என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணில் மளமளவென்று தண்ணீர் வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"ஒண்ணுமே எழுதாமலா பாஸாயிட்ட?" என்றார். பக்கத்தில் இருந்த போலிஸ்காரரிடம் திரும்பி, "கேட்டீங்களா அண்ணே? வெறும் தாளு! எங்க முனி போட்ட மார்க்கு!" என்றார்.

போலிஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

"அண்ணிகிட்ட சொல்லி ஒரு சேவல் அறுத்து வச்சிரும்மா, வேண்டுதல் பாக்கி இருக்கக்கூடாது" என்றார் அண்ணன். "வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு."

சரிண்ணே என்றேன். அவரை அந்தப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.