சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னவள் நான்தான்

எனக்கு எழுபத்திமூணு வயசு. ஆறு புள்ளைகளைப் பெத்து வளர்த்து ஆளாக்கினவள். மூணாம் வகுப்போட படிப்பு நிண்டாலும் இதை என்ட கையாலதான் எழுதுறன். போன வருஷம் சாய்ந்தமருதில நடந்த விசயம் இது.

எங்கட ஊரில ஆம்பிளப் புள்ள கலியாணம் முடிச்சா பொண்டாட்டி ஊட்டோட போயிடுவான். என்ட கடைசி மகனும் அப்படித்தான். அவன்ட மகள் வளர்றது அவள்ட உம்மும்மா, அதான் என்ட சம்மந்திட ஊட்டில. வாப்பாட உம்மா, வாப்பும்மா என்னைப் பார்க்க அவள் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வருவாள். வந்தாலும் வாயைத் துறந்தா "உம்மும்மா சொன்னா, உம்மும்மா செஞ்சா" எண்ட கதைதான். எனக்கு நெஞ்சு எரியும். மகனைப் பெத்தவள் நான், மிச்சம் மீதிதானா எனக்கு?

புள்ளைக்குப் பதினாறு வயசு, குர்ஆன் ஓதுற கிராஅத் போட்டிக்கு ஆயத்தமானாள். கட்டாரில இருக்கிற மூத்த மகனிட்டச் சொல்லி விலை கூடின ஹெட்செட் எடுப்பிச்சுக் குடுத்தன். படுக்கக்குள்ளயும் அதைக் கழட்டாம ஓதல் கேட்டாளாம். சம்மந்தி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஏசினாவாம். அதுக்காகவே நான், "ஓதல் கேட்டுக் காது கெட்டவங்க ஆரு புள்ள? நல்லாக் கூட்டி வச்சுக் கேளு" எண்டு சொன்னன்.

சில மாசம் போக ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போய் ஃபேன் நிண்டுட்டு. "வாப்பும்மா, சில்வண்டு எங்க கத்துது?" எண்டாள். எனக்கு ஒண்டும் கேக்கல்ல. ரெண்டு காதையும் பொத்திப் பார்த்தவள், சத்தம் உள்ளுக்குத்தான் எண்டு அழத் தொடங்கினாள். சம்மந்திக்குத் தெரியிறதுக்குள்ள நானே சுகப்படுத்துவம் எண்டு பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினன். நல்ல காலம், புள்ள ஊத்த விடல்ல.

அண்டைக்கு ராவே புள்ள உம்மும்மாட்டச் சொல்லிட்டாள். அடுத்த நாள் சம்மந்தி, நான், புள்ள மூணு பேருமா காது டொக்டரிட்டப் போனம். எண்ணெய்க் கதையைக் கேட்டு அவர் தலையில கை வச்சார். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு இது கூடுதலா வருதாம். மணிக்கணக்கா ஹெட்செட், கலியாண ஊட்டுச் சவுண்ட் பொக்ஸுக்குப் பக்கத்தில நிக்கிறது, குச்சியால குடைஞ்சு அழுக்கை உள்ள தள்ளுறது, சில மருந்துக் குளிசைகள், எல்லாம் காரணமாம். நித்திரை இல்லாட்டி, மனசில யோசினை இருந்தா இரைச்சல் இன்னும் கூடுமாம்.

"ஓதலோ பாட்டோ, காதுக்கு எல்லாம் சத்தம்தான் உம்மா" எண்டார்.

ஆரு இவ்வளவு கூட்டி வைக்கச் சொன்னது எண்டு சம்மந்தி கேட்டா. புள்ள தலையைக் குனிஞ்சாளே தவிர என்னைக் காட்டிக் குடுக்கல்ல.

"நான்தான் மதினி" எண்டன்.

அவ ஏசுவா எண்டுதான் இருந்தன். ஓட்டோவில ஏறினதும் என்ட பக்கம் திரும்பினா.

"எங்கட ஊட்டில விடிஞ்சாப் பொழுதுபட்டா 'வாப்பும்மா சொன்னா'தான் மதினி. நான் சொன்னா ஆரு கேக்கிறா?"

இரைச்சல் இப்ப குறைஞ்சிருக்கு, முழுசாப் போகல்ல. என்ட பொறாமையும் முழுசாப் போயிட்டெண்டு பொய் எழுத மாட்டன். ஆனா ரெண்டு கிழவிகள் போட்டி போட்டதுக்கு அந்தப் புள்ளைதான் இரைச்சலைச் சுமக்கிறாள் எண்டது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைக் குத்துது.

இண்டைக்கும் வெள்ளிக்கிழமை, பேத்தி வந்திருக்கிறாள். மகள், இஞ்ச வா. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. சத்தம் கூட்டாம, மெதுவா வாசி.