முகம் மட்டும் பாக்கி

முகமெல்லாம் அண்ணன் வரைவான். மற்றதெல்லாம் நான். சேலை மடிப்பு, மேகம், கடல், புறா, ஆட்டுக்குட்டி. எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சண்டே ஸ்கூல் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்துவிட்டு வந்து, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் கரித்துண்டால் கிறுக்கத் தொடங்கினோம். அவன் வரைந்த ஆளுக்கு உயிர் வந்தது, நான் வரைந்த ஆளுக்குப் பல்வலி வந்தது. அப்படித்தான் வேலை பிரிந்தது. உட்கார்ந்து பேசியெல்லாம் முடிவெடுக்கவில்லை.

முதலில் ஆட்டோக்களின் முதுகு, பிறகு வள்ளங்களின் பெயர், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் நிற்கும் பெத்லகேம். ஃப்ளெக்ஸ் வந்து எங்களைப் போன்றவர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டபோது, மாதா கோயில் சுவர்கள்தான் மிஞ்சின. பெரிய சுவரில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தால் முகம் தெரியாது, கன்னம் வயல் மாதிரி பரந்து கிடக்கும். அதனால் அண்ணன் ஏணியில் நின்று வரைவான். நான் வாசலில் நின்று, "இடது கண்ணு கொஞ்சம் மேல" என்று கத்துவேன். இப்படியே நாங்கள் ஒரு பெயரும் எடுத்துவிட்டோம்.

போன வருஷம் அண்ணன் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். குடியை விட்டான். அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சமயத்தில்தான் கடற்கரை ஊர் ஒன்றில், பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க மாதாவை வரையும் வேலை வந்தது. நீல அங்கி, அலை, வள்ளங்கள் எல்லாம் நான் முடித்துவிட்டேன். முகம் மட்டும் பாக்கி. திருவிழாக் கொடியேற்றம் அந்த வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின நாள் காலையில் வந்த அண்ணன் தூரிகையைத் தொடவில்லை.

"மக்கா, இனி நான் முகம் வரையமாட்டேன். உருவம் உண்டாக்கப்பிடாதுன்னு வேதத்துல கிடக்கு."

"பின்ன இவ்வளவு நாளும் வரைஞ்சது?"

"அறியாம செஞ்சது. அதுக்கு மன்னிப்பு கிட்டியாச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். வாய்ச்சண்டையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவனோ அவ்வளவு நிம்மதியாகச் சொன்னான். நிம்மதியாக இருப்பவனிடம் என்ன சண்டை போடுவது? அண்ணிக்குப் போன் செய்து அழுதேன்.

"குடியை விட்ட மனுசன நான் எதுக்குத் திருப்பணும்? நீயே சொல்லு" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முகமில்லாத மாதாவை அப்படியே விட்டுவிட்டுப் போனால் இந்தக் கடற்கரையில் இனி ஒரு சுவரும் எங்களுக்குக் கிடைக்காது. நானே வரைகிறேன் என்றேன்.

"வரையியா? வரை. ஏணி நான் பிடிக்கேன்."

உயரத்தில் என் கால் நடுங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஏணியின் அடியில் நின்று இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. நான் விழக்கூடாது என்று ஜெபித்தானா, நான் திருந்த வேண்டும் என்று ஜெபித்தானா, தெரியவில்லை.

மூக்கு வந்தது. வாய் ஒருவழியாக வந்தது. கண்கள்தான் படுத்தின. தீட்டுவேன், இறங்குவேன், வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். இடது கண் தாழ்ந்திருக்கும். ஏறித் திருத்திவிட்டு மறுபடி ஓடினால் வலது கண் முறைக்கும். மாதாவுக்கும் பல்வலி வந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் கண்ணைத் திறக்காமலே ஏணியை நகராமல் பிடித்துக் கொடுத்தான். மத்தியானமும் தாண்டியது. மேலேயே நின்று அழுதேன்.

"அண்ணா, ஒருக்கா வாசல்ல போய் நின்னு பாரு. நீ வரையாண்டாம். கண்ணு சரியான்னு மட்டும் சொல்லு."

 ஏணியைப் பிடித்திருந்த அவன் கைகள் இன்னும் இறுகின.

"அண்ணா."

"பைய இறங்கு மக்கா" என்றான், கண்ணை மூடியபடியே. "நான் பிடிச்சிருக்கேன்."