வாசனை ஆகாத வீடு

துணி துவைக்கும் மஞ்சள் சவுக்காரக் கட்டியை நனைத்துத் தலையில் தேய்த்தால் ஒரு காரமான நெடி வரும். அதையும் நன்றாக அலசிவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. அந்த ஒன்றுமில்லாமைதான் நான் வளர்ந்த வீட்டின் மணம். மலேசியாவில், தைப்பிங்கில், எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலையானால் மற்ற வீடுகளிலிருந்து சாம்பிராணிப் புகை வரும், எங்கள் வீட்டிலிருந்து வராது. பவுடர் கிடையாது, தேங்காயெண்ணெய் கிடையாது, பூ கிடையாது, மாலை ஆறு மணிக்கு மேல் தாளிப்பும் கிடையாது. பட்டாளத்திலிருந்து விலகி லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்து, "யாரு தலையில என்னா?" என்று கேட்பார். அதட்ட மாட்டார், அடிக்க மாட்டார். கேட்டுவிட்டு, அந்தத் தலை கழுவப்படும்வரை வெளியிலேயே நிற்பார்.

அவர் இளவயதில் போர்னியோ எல்லைக் காட்டில் சண்டையில் இருந்தவர். காட்டுக்குள் ரோந்து போகிறவன் வாசனைச் சோப்பு போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, எதிரியின் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் மூக்கில் பட்டுவிடுவான் என்பது அவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். சண்டை முடிந்து வந்து கல்யாணம் செய்து பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தப் பாடம் அவரைவிட்டுப் போகவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா அதற்கு "மிலிட்டரி கிறுக்கு" என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் என் காய்ந்த தலையைத் தடவிப் பார்த்து "தேங்கா மட்டை" என்பார்கள். நான் பதில் பேசுகிற பையன் இல்லை, அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அம்மா கோயிலுக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் குசினிக்குள் நுழைந்து, அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கும் மல்லிகையைச் சூடிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருவார். "ஒன் வீட்டுக்காரரு மூக்கு போலீஸ் நாய் மூக்கு, தலையையும் கொஞ்சம் ஒதறிட்டுப் போ லா," என்று லெட்சுமி அக்கா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார், ஆனால் வீட்டுப் படி ஏறும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

நான் ஆறாம் ஆண்டு முடித்து, அதோடு என் படிப்பும் முடிந்திருந்த வருடம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மெல்பர்னில் படித்து அங்கேயே வேலை பார்ப்பவர், இரண்டு வார லீவில் வந்திருந்தார். எங்களைப் போன்ற வீட்டுக்கு அப்படி ஒரு இடம் இன்னொரு முறை வராது என்று அம்மாவுக்குத் தெரியும். காலையிலேயே அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். "பிடிச்சிருந்தா பூ வைப்பாங்க. ஒரு மணி நேரம். பொறுத்துக்கங்க." அப்பா தலையாட்டினார்.

அவர்களுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகையை எடுத்தார். அக்காவின் தலையைத் தொட்டவர், "முடி இப்படிக் காஞ்சு கெடக்கே," என்று பரிவோடு சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து வாசனை எண்ணெய் கொஞ்சம் தடவினார். பூவை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம், எண்ணெயை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் பூவைச் சூட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

பூ வைக்கும்போது பெண்ணைப் பெற்றவன் எழுந்து போனால் அந்தச் சம்பந்தத்தில் அவனுக்கு விருப்பமில்லை என்றுதான் எங்களில் அர்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லலாம் லா. இப்படியா எழுந்து போவாரு?" என்றார். அக்கா பூவோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று தெரியாமல். "அவருக்குக் காலையிலேர்ந்து தலச்சுத்தல்," என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே ஓடினார். ஒரு கிளாஸில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அப்பா வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடை ஓரத்தில் குந்தியிருந்தார்.

"ஒரு மணி நேரந்தானே கேட்டேன். பொண்ணு வாழ்க்கைங்க," என்றார் அம்மா.

அப்பா சாக்கடைத் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். "மாணிக்கம்னு ஒருத்தன். கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். பொண்டாட்டி எண்ண அனுப்பியிருந்தா. கெளம்புறப்ப அவன் தலையில வாசம் அடிச்சிச்சு. நான்தான் கார்ப்பரல். கழுவிட்டு வாடான்னு சொல்லியிருக்கணும். புதுசா கட்டுனவன், போறான்னு விட்டுட்டேன்."

அம்மா அவர் பக்கத்தில் குந்தினார்.

"மத்தியானம் சுட்டானுங்க. அவன் ஒருத்தன்தான் போனான். எண்ண வாசத்துலதான் கண்டுபிடிச்சானுங்களான்னு தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"இருபது வருசமா இதச் சொல்லலியே," என்றார் அம்மா, மிகவும் களைத்த குரலில். "தெரிஞ்சிருந்தா நான் பூவே கேட்டிருக்க மாட்டேனே." பிறகு, "அவங்க எழுந்துருவாங்க. உள்ள வாங்க," என்றார்.

அப்பா என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி முகத்தில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். பழைய இடத்தில் உட்காரவில்லை, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "மன்னிச்சிக்கங்க, தல சுத்திருச்சி. எங்களுக்கு முழுச் சம்மதம்," என்றார். தன் கையாலேயே தட்டு மாற்றினார். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. "என்னா சோல்ஜரு, பொண்ணு குடுக்கவே இப்படி வேர்க்குது, துப்பாக்கிய எப்படிப் புடிச்சீங்க?" என்று பெரியப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அவர்கள் போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து அம்மா லெட்சுமி அக்காவின் குசினிக்குப் பூவுக்காகப் போனதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே விட்டுவிட்டார்.

அக்கா கல்யாணமாகி மெல்பர்னில் கிளென் வேவர்லிக்குக் குடிவந்தாள். பல வருடம் கழித்து, நர்ஸ் வேலை பார்க்கும் என் மனைவியோடு நானும் வந்தேன், அப்பாவும் அம்மாவும் எங்களோடு அதே ஊரின் இன்னொரு பகுதியான கிரான்பர்னில் இருந்தார்கள். அப்பா பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார், அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவந்தார், மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்தார். பிறகு மறதி வந்தது. எங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது அம்மா அங்கிருந்த ஒவ்வொரு பணிப்பெண்ணிடமும், "நோ ஸ்மெல், ப்ளீஸ்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். ஒருநாள் புதிதாக வந்த பெண் தெரியாமல் ஏதோ பூ வாசனைச் சோப்பில் அவரைக் குளிப்பாட்டிவிட்டாள். நாங்கள் பதறிக்கொண்டு உள்ளே போனபோது அப்பா தன் புறங்கையை முகர்ந்துகொண்டிருந்தார். "நல்லாருக்கே. என்னா பூவு இது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா அங்கே அழவில்லை. காரில் பாதி வழி வந்த பிறகு, "அந்தப் பையனயும் மறந்துட்டாரு," என்றார்.

போன குளிர்காலத்தில் அப்பா போய்விட்டார். இறுதிச் சடங்கில் அக்கா மகன் ஆங்கிலத்தில் பேசினான்: நாட்டுக்காகப் போராடியவர், நல்ல கணவர், நல்ல தகப்பன், நல்ல தாத்தா. எல்லாம் உண்மைதான். என்னையும் பேசச் சொன்னார்கள், நான் வழக்கம்போலத் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். இப்போது என் மகளின் குளியலறையில் எண்ண முடியாத அளவு புட்டிகள். மனைவி வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குக் கருவேப்பிலை தாளிக்கிறாள். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்க ஆளில்லை.

சடங்கு அன்று நான் பேசியிருந்தாலும் மாணிக்கத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன், கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவனுடைய ஊர் எது, அந்த எண்ணெயை அனுப்பிய பெண் பிறகு என்ன ஆனாள், எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா அவன் பெயரை எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். கேட்டவர்கள் இரண்டு பேர், அம்மாவும் நானும். அதில் ஒருவருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது.